அமுங்கும் பிரேக் பெடல்: பழைய ஹாட் ஹேட்சில் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

செகண்ட் ஹேண்டில் ஒரு ஹாட் ஹேட்ச் (வேகத்துக்காக மேம்படுத்திய சிறிய ஹேட்ச்பேக் கார்) வாங்கியாயிற்று. எஞ்சின் நன்றாக இழுக்கிறது, ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால் மட்டும் பெடல் பிடிப்பில்லாமல் உள்ளே போகிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பது, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மறுபடி ஏர் எடுப்பார்கள். அப்புறம் மாஸ்டர் சிலிண்டரை (பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பகுதி) மாற்றுவார்கள். பணம் போயிருக்கும், பெடல் அப்படியே இருக்கும்.

ஏர் எடுப்பது பல காரணங்களில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து. எது காரணம் என்று தெரியாமல் பிளீட் நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகு) ஸ்பேனரை வைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. அதிலும் ஹாட் ஹேட்ச் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தக் கார்களின் பிரேக்கில் பழைய ஓனரின் கைவேலை இல்லாமல் இருப்பது அபூர்வம். பெரிய காலிப்பர் (பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் பகுதி), ரேஸ் பேட், எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ், டிராக்கில் கொதித்து ஓய்ந்த ஆயில் என்று ஏதாவது ஒன்று இருக்கும். சாதாரணக் குடும்பக் காரில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதை இங்கே முதலிலேயே சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

பெடல் தரையைத் தொட்டாலோ, பிரேக் விளக்கு எரிந்தாலோ, ஆயில் அளவு கண்ணெதிரே குறைந்தாலோ அந்தக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். நின்ற இடத்திலேயே சோதியுங்கள், இல்லாவிட்டால் இழுத்துச் செல்லுங்கள்.

எப்படி அமுங்குகிறது?

"பெடல் சாஃப்டா இருக்கு" என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். காலுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

பஞ்சை மிதிப்பதுபோல் அமுங்கி, எங்கே பிடிக்கிறது என்றே தெரியாமல், இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே ஏறி இறுகினால் பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. முதல் பாதி வெறுமனே போய்விட்டு, அப்புறம் கல் மாதிரி நின்றால் அது காற்று அல்ல. பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே, அல்லது டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே, இடைவெளி அதிகம். இதிலும் பம்ப் செய்தால் பெடல் உயரும் என்பதால் பலர் ஏமாறுவார்கள். வேறுபாடு முடிவில்தான் இருக்கிறது: காற்று இருந்தால் கடைசிவரை நெகிழும், இடைவெளி என்றால் கடைசியில் உறுதியாக நிற்கும்.

மூன்றாவது வகையில், பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கும். எங்கோ ஆயில் வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் சீலைத் தாண்டித் திரும்பிப் போகிறது. நான்காவது, காலையில் நன்றாக இருக்கும் பெடல் மலை இறக்கத்திலோ வேகமான ஓட்டத்திலோ அமுங்கி, ஆறியதும் திரும்ப நன்றாகிவிடுவது. அது ஆயில் கொதிப்பது. பெடல் உறுதியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் பேடுதான் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. அதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை.

அநியாயமாகப் பழி சுமப்பது பூஸ்டர், அதாவது எஞ்சினின் வெற்றிடத்தால் காலின் பலத்தைக் கூட்டும் பகுதி. பூஸ்டர் கெட்டால் பெடல் இறுகும், அமுங்காது. எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்து உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் காலி செய்யுங்கள். பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். அதைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஆயில் டப்பாவில் தொடங்குங்கள். பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலை வாங்கிக்கொள்ளும், அதனால் தேய்ந்த பேடோடு அளவு குறைந்திருப்பது இயல்பு. புது பேட் போட்டும் அளவு குறைவு என்றால் கசிவு. கியர் காரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பல மாடல்களில் கிளட்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. கிளட்ச் கசிந்தாலும் பிரேக் ஆயில்தான் குறையும்.

கசிவைத் தேட ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கம், ஹோஸின் இரு முனைகள், டிரம்மின் அடிப்பகுதி, ஏபிஎஸ் பிளாக்கின் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தொகுதி) இணைப்புகள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து பலர் மறக்கும் இடம் ஒன்று இருக்கிறது: மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் வாய். பின்பக்க சீல் போனால் ஆயில் தரையில் சொட்டாமல் பூஸ்டருக்குள்ளேயே போய்விடும். "எங்கேயும் கசிவில்லை, ஆனால் ஆயில் குறைகிறது" என்றால் அங்கே பெயின்ட் பொரிந்திருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப்புகளை வளைக்காமல் மாஸ்டரைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் பின்னால் ஈரமா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்து மாஸ்டரின் உட்கசிவு. எஞ்சின் அணைந்த நிலையில் பெடலை முதலில் மிக லேசாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள், பிறகு பலமாக அழுத்திப் பிடியுங்கள். தேய்ந்த சீல் பலமான அழுத்தத்தில் சுவரோடு ஒட்டி நின்றுவிடும், லேசான அழுத்தத்தில்தான் நழுவும். பலமாக மட்டும் மிதித்துவிட்டு "மாஸ்டர் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் கையால் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கைக்குள் தெளிவாக ஊதினால் அதை மாற்ற வேண்டியதுதான். வெடிப்பு இருந்தாலும் அப்படியே.

இத்தனைக்கும் பிடிபடவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது ஹோஸ் கிளாம்ப் சோதனை. இதற்கென்றே வரும் உருண்டை முனைக் கிளாம்புகளால் ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மென்மையாக இறுக்கி மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். உயரத்திலேயே கல்லாக நின்றால் மாஸ்டரும் ஏபிஎஸ் பிளாக்கும் நல்லவை, கோளாறு சக்கரங்களின் பக்கம். அப்போதும் அமுங்கினால் கோளாறு மேலே: மாஸ்டர், பிளாக், அவற்றுக்கு இடைப்பட்ட பைப். முதல் நிலையில் கிளாம்புகளை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. எந்தச் சக்கரத்தில் தடாலென்று இறங்குகிறதோ அங்கேதான் வேலை. எஃகுப் பின்னல் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கவே கூடாது, உள்குழாய் உடைந்துவிடும். அப்படிப்பட்ட காரில் மாஸ்டரின் வெளிவாய்களை அதே மரையுள்ள பிளக்கால் அடைத்துப் பார்த்தால், மாஸ்டரை மட்டுமாவது தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம். வெடித்துப் பழசான ரப்பர் ஹோஸையும் கிளாம்ப் போட வேண்டாம், நேராக மாற்றிவிடுங்கள்.

பழைய ஓனரின் கைவேலை

சக்கரங்களைக் கழற்றியதும் முதலில் பிளீட் நிப்பிள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். பெரிய காலிப்பர் மாற்றும்போது இடதையும் வலதையும் மாற்றிப் போட்டால் நிப்பிள் அடியில் வந்துவிடும். காற்று மேலே தங்கும், நீங்கள் கீழே திறந்து லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். காலிப்பர்களை இடம் மாற்றுவதுதான் இதற்கு உண்மையான தீர்வு. ஒரே காலிப்பரில் முன் பிஸ்டனும் பின் பிஸ்டனும் வெவ்வேறு அளவில் இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

பெரிய காலிப்பர் சரியாகவே பொருத்தியிருந்தாலும் பெடல் நீளலாம், அதாவது அதிக தூரம் உள்ளே போகலாம். இது கணக்கு. ஒற்றை 54 மில்லிமீட்டர் பிஸ்டன் உள்ள நகரும் காலிப்பரின் பிஸ்டன் பரப்பு சுமார் 2290 சதுர மில்லிமீட்டர். நான்கு 40 மில்லிமீட்டர் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரில் ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கூட்ட வேண்டும்: சுமார் 2513. ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுதல் ஆயில் வேண்டும், மாஸ்டர் அதே அளவு என்றால் பெடல் அதற்கேற்ப உள்ளே போகும். மாஸ்டரை 22.2 மில்லிமீட்டரிலிருந்து 23.8க்கு மாற்றினால் பரப்பு சுமார் பதினைந்து சதவீதம் கூடி, பெடல் உயர்ந்து இறுகும். ஆனால் அதே நிறுத்தத்துக்குக் காலில் அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற எல்லாம் சரி என்று உறுதியாகும்வரை பெரிய மாஸ்டர் வாங்காதீர்கள் என்பேன். காற்று இருக்கும் பிரேக்கில் பெரிய மாஸ்டர் போட்டால் கோளாறு மறையுமே தவிர தீராது.

பேடுகளை எடுத்துப் பாருங்கள். ஆப்பு மாதிரி ஒரு முனை தேய்ந்திருந்தால் காலிப்பரின் சறுக்கு ஊசி (காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் கம்பி) இறுகியிருக்கிறது. மிதிக்கும்போது காலிப்பர் வளைந்து நேராவதற்கே பெடலின் பாதி ஓட்டம் செலவாகும். ஊசிகளைக் கழற்றித் துருவைச் சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் தடவுங்கள். கிறீச் சத்தத்தை அடக்கப் பேடுக்குப் பின்னால் இரண்டு மூன்று தகடுகளை அடுக்கியிருந்தால் அவையும் அமுங்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

டிஸ்க் மாற்றியபோது ஹப்பின் துருவைத் துடைக்காமல் மாட்டியிருந்தால் டிஸ்க் கோணலாகச் சுழலும், ஒவ்வொரு சுற்றிலும் பேடுகளைப் பின்னே தள்ளும். அடுத்த மிதியில் பெடல் முதலில் அந்த இடைவெளியைத்தான் நிரப்பும். வீல் பேரிங் ஆட்டமும் இதையே செய்யும். வளைவுகளில் வேகமாகப் போய் வந்த பிறகு முதல் மிதி நீண்டு, இரண்டாவது மிதி உயர்ந்தால் இந்த இரண்டையும் சந்தேகியுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் டிஸ்கின் ஓரத்தில் வைத்து அளக்கலாம். 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிச்சயம் கவலைப்பட வேண்டும், பல தயாரிப்பாளர்கள் அதற்கும் குறைவாகவே அனுமதிக்கிறார்கள். டிஸ்கை மாற்றும் முன் கழற்றி, ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி மாட்டி அளந்து பாருங்கள்.

பின்பக்க டிஸ்க் காலிப்பரில் ஹேண்ட் பிரேக் சேர்ந்திருந்தால் இன்னொரு வில்லங்கம் உண்டு. யாராவது ஹேண்ட் பிரேக் கேபிளை மிகையாக இறுக்கியிருந்தால், காலிப்பர் நெம்புகோல் தன் நிறுத்தத்தில் போய் உட்காராது, தானாகச் சரிசெய்யும் திருகும் வேலை செய்யாது. ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கும், கால் பிரேக் நீளும். கேபிளை முழுக்கத் தளர்த்தி, இரண்டு நெம்புகோலும் நிறுத்தத்தில் உட்கார்ந்ததைப் பார்த்து, பெடலை முப்பது நாற்பது முறை மிதித்துக் காலிப்பரைச் சரிசெய்ய விட்டு, கடைசியில்தான் கேபிளை இறுக்க வேண்டும். எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும், அப்படிச் செய்யாமல் பிஸ்டனை நசுக்கித் தள்ளினால் மோட்டார் கெடும். டிரம் என்றால் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்தால் பாதி நேரம் பிரச்சினையே முடிந்துவிடும்.

பழைய கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 1976இல் வந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ ஆகியவற்றின் வலப்பக்க ஸ்டீயரிங் வடிவங்களில் பூஸ்டர் இடப்பக்கமே இருக்கும். பெடலிலிருந்து அதுவரை ஒரு குறுக்குக் கம்பி போகும். அந்தக் கம்பியின் புஷ்களிலும் இணைப்புகளிலும் ஆட்டம் இருந்தால் ஆயில் பக்கம் எதைச் செய்தாலும் பெடல் முழுதாக இறுகாது. ஒருவர் மிதிக்க இன்னொருவர் கம்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏர் எடுப்பது

இப்போது சோதனைகள் காற்றைத்தான் கைகாட்டுகின்றன என்றால் வேலையைத் தொடங்கலாம். காருக்குச் சொன்ன தரத்தில் மூடி திறக்காத பிரேக் ஆயில், நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் தெளிவான குழாய், ஒரு பாட்டில், ஆறு முனை ரிங் ஸ்பேனர், கையுறை, நான்கு ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரடியில் கையை விட வேண்டாம். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எஞ்சின் ஆயில் போன்ற மினரல் ஆயில் எதுவும் டப்பாவுக்குள் விழக்கூடாது. சீல்கள் எல்லாம் ஊதிப் போகும்.

நிப்பிள்களுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் திரவம் தெளித்து வையுங்கள். திறக்க மறுத்தால் பலம் காட்டாதீர்கள். உடைந்தால் காலிப்பரையே கழற்ற வேண்டிவரும். லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பி, பிறகு தளர்த்துவது பல நேரம் காப்பாற்றும்.

டப்பாவிலிருக்கும் பழைய ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்புங்கள். வேலை முழுவதும் அளவு கீழ்க்கோட்டுக்குக் குறையக்கூடாது. ஒருமுறை காலியானால் காற்று ஏபிஎஸ் பிளாக்குக்குள் போய்விடும், அதை வெளியே எடுப்பது தனிக் கதை. எந்தச் சக்கரத்தில் தொடங்குவது? மாஸ்டருக்குத் தொலைவில் இருப்பதிலிருந்து என்பது பழைய முறை; ஏபிஎஸ் உள்ள பல கார்களுக்கு வேறு வரிசை. உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

இருவர் செய்யும் முறையில் பேச்சு ஒழுங்கு முக்கியம். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடித்து "பிடிச்சாச்சு" என்பார். கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பார். பெடல் இறங்கும். மூடிய பிறகு "விடு" என்றால்தான் உள்ளே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். பழைய காரில் பெடலைத் தரைவரை விடாதீர்கள். மாஸ்டரின் கடைசிப் பகுதி சீல் ஒருபோதும் போகாத இடம், அங்கே அழுக்கும் துருவும் இருக்கும். அதில் உரசினால் நல்ல சீலும் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்தால் போதும்.

ஆளில்லாதவர்களுக்கு அழுத்தப் பிளீடர் நல்லது, ஒரு பார் அளவுக்கு அழுத்தம் கொடுத்தாலே போதும். உறிஞ்சும் வகைப் பம்பில் ஒரு தொல்லை: நிப்பிளின் மரை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குழாயில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். பிரேக்கில் காற்று இருப்பதாக நினைத்து ஆயிலை வீணடிக்கக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயில் தெளிவாக வரும்வரை விடுங்கள், இடையிடையே காலிப்பரை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், ஒட்டியிருக்கும் குமிழி எழும்பும். சில காலிப்பர்களுக்கு இரண்டு நிப்பிள்கள் உண்டு, இரண்டையும் திறக்க வேண்டும். முழுதாக மாற்ற ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சும் அதே டப்பா என்றால் அதன் நிப்பிளையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.

பின்பக்கம் சுமைக்கேற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு உள்ள பழைய கார்களில், காரைத் தூக்கினால் பின் அச்சு தொங்கி வால்வு மூடிக்கொள்ளும். பின்சக்கரங்களில் ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வால்வின் கையைக் கார் தரையில் நிற்கும் நிலைக்குத் தள்ளிவிட்டுச் செய்யுங்கள்.

டப்பா காலியானாலோ, பிளாக்கைக் கழற்றியிருந்தாலோ, வழக்கமாகச் செய்தும் பெடல் பஞ்சாகவே இருக்கும். காற்று பிளாக்கின் வால்வுகளுக்குள் சிக்கியிருக்கும். ஸ்கேன் கருவியில் ஏபிஎஸ் பிளீட் கட்டளை கொடுத்துப் பம்பையும் வால்வுகளையும் இயக்கியபடி ஏர் எடுக்க வேண்டும். வேறு வழி பற்றிப் பலர் பேசுவார்கள், ஆனால் நிற்காத காரில் அவற்றைச் சோதிக்க எனக்குத் துணிவில்லை.

மாஸ்டர் மாற்றுவதானால்

உட்கசிவு உறுதியானால் சீல் கிட் போட்டுப் பழுதுபார்ப்பதைவிடப் புது மாஸ்டர் போடுவதே நல்லது. சிலிண்டரின் உள்சுவர் அரிப்பு கண்ணுக்குத் தெரியாது. பொருத்தும் முன் வைஸில் மெதுவாகப் பிடித்து, வெளிவாய்களிலிருந்து சிறு குழாய்களைத் திரும்ப டப்பாவுக்குள் விட்டு, குமிழி நிற்கும்வரை பிஸ்டனை மெதுவாக அழுத்தி எடுங்கள். இதைச் செய்யாமல் மாட்டி, சக்கரத்தில் ஏர் எடுத்து மாளாமல் திண்டாடுவதை அடிக்கடி பார்க்கலாம். பூஸ்டருக்குள் ஆயில் போயிருந்தால் அதையும் பாருங்கள், உள்ளிருக்கும் ரப்பர் கெட்டிருக்கலாம்.

சூட்டில் மட்டும் அமுங்கினால்

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. டாட் 5.1க்கு முறையே 260, 180. கொதித்து ஆவியானால் அது காற்றைப் போலவே அமுங்கும். எத்தனை வருடப் பழசு என்று தெரியாத ஆயிலை, செகண்ட் ஹேண்ட் கார் என்றாலே மாற்றிவிடுங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டாட் 5 சிலிக்கோன் வகை, எண் பக்கத்தில் இருந்தாலும் இது 5.1 அல்ல. மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் காருக்கும் வேண்டாம். ஈஎஸ்பி (கார் சறுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள புதிய கார்களுக்குத் தயாரிப்பாளர் இளகலான டாட் 4 கேட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள், ரேஸ் ஆயில் குளிரில் கெட்டியாகும்.

ஓட்டும் முன்

நிப்பிள்களை மாடலுக்குச் சொன்ன இறுக்கத்தில் இறுக்குங்கள், பொதுவாகப் பத்து நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்பேனரில் தொங்கினால் உடையும். பான்ஜோ போல்ட்டை (ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் துளையுள்ள போல்ட்) கழற்றியிருந்தால் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துப் பெடலைப் பலமாகவும் லேசாகவும் அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள், ஓடும் எஞ்சினிலும் ஒருமுறை. இரண்டிலும் இறங்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துவிட்டுக் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள்.

முதல் ஓட்டம் காலியான, சமதள இடத்தில், நடக்கும் வேகத்தில். ஹேண்ட் பிரேக்கில் கை இருக்கட்டும். பேட், டிஸ்க் புதிதென்றால், மிதமான வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை மிதித்து, இடையில் ஆற விடுங்கள். புதுப் பேட் டிஸ்கோடு பழகும்வரை பெடலும் சற்றே மென்மையாகத் தெரியும், அதை வைத்து மறுபடி ஏர் எடுக்க ஓட வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் டப்பாவின் அளவையும் நிப்பிள்களின் ஈரத்தையும் ஒருமுறை பார்த்து, ரப்பர் மூடிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.